மனைவிக்குச் சரவாங்கி: முதல் மூன்று மாதம் கணவர் என்ன செய்யலாம்?

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். ஆறு மாதமாகக் கை விரல்களிலும் பாதத்திலும் வலி, வீக்கம். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விரல் மடங்குவதில்லை. ரத்தப் பரிசோதனை செய்து ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது சரவாங்கி, என்று சொல்லிவிட்டார்கள். மெதோட்ரெக்ஸேட் 15 மில்லி கிராம் வாரம் ஒருநாள், ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பிரெட்னிசலோன் 5 மில்லி கிராம் என்று ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறார். பெரிய மாற்றம் தெரியவில்லை. மெதோட்ரெக்ஸேட் புற்றுநோய் மருந்து என்று மைத்துனர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியத்துக்குப் போகலாம் என்கிறார் என் அம்மா. இரண்டாவது குழந்தை எப்போது என்றும் கேட்கிறார்; எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டு வேலை எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். அதற்கும் மனைவி, "என்னை ஒண்ணுத்துக்கும் ஆகாதவளா ஆக்கிட்டீங்க" என்று அழுகிறார். நான் என்னதான் செய்வது?

- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: ஐந்து வாரம் இந்த மருந்துக்குப் போதாது. முதலில் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். மெதோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்; முழுப் பலன் தெரிய மூன்று மாதம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அதைவிடவும் மெதுவானது. அந்த மூன்று மாதத்தை யாரும் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு உங்கள் முதல் வேலை. பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் அதற்கு அடுத்ததுதான்.

ஏன் இந்த அவசரம் என்றால், இது தேய்மானம் அல்ல. மூட்டுக்குள் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி அந்த உறையையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. உறை தடித்து, நீர் கோத்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. வீக்கம் வடியும், வலி குறையும். ஆனால் அரித்த எலும்பு பழையபடி ஆகாது. நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து கிடைத்தவர்களுக்கு விரல் கோணாமல் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மனைவிக்கு ஏற்கெனவே ஆறு மாதம் ஓடிவிட்டது. மருந்தை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது பார்த்துவிட்டு வரலாம் என்றால், அந்த இடைவெளிக்கு விலை கொடுப்பது அவருடைய விரல் மூட்டுகள்.

தேய்மானம் வந்த மூட்டு ஓய்வெடுத்தால் நன்றாக இருக்கும், உழைத்தால் வலிக்கும். சரவாங்கி இதற்குத் தலைகீழ். இரவு முழுக்கப் படுத்து எழும்போதுதான் பிடிப்பு அதிகம். கை அசைய அசைய இளகும். "மத்தியானம் நல்லாத்தானே மெஷின் மிதிக்கிறா, காலையில மட்டும் என்னவாம்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அது இந்த நோயின் குணம் தெரியாததால் வந்த பேச்சு. காலைப் பிடிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பதை நோய் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்பதற்கான அளவுகோலாகவே மருத்துவர்கள் கேட்பார்கள். ஒன்றரை மணி நேரம் என்பது அதிகம்தான். மூன்று மாதத்தில் அது அரை மணிக்குள் வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

புற்றுநோய் மருந்து என்ற பயத்துக்கு வருகிறேன். மைத்துனர் சொன்னதில் பொய் இல்லை, பாதி உண்மை. புற்றுநோய்க்கும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே சில சிகிச்சைகளில் கிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். இங்கே வாரத்துக்கு 15 மில்லி கிராம். ஒரு கிராமில் இதுபோல அறுபத்தாறு வாரத்து அளவு அடங்கும். இந்தச் சிறிய அளவில் அது செய்வது எதிர்ப்பு சக்தியின் அத்துமீறலை அடக்குவது மட்டும்தான். 1980களிலிருந்து இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து இது; இன்று உலகம் முழுக்க முதலில் எடுப்பதும் இதைத்தான். விலையும் மலிவு.

ஆனால் இந்த மருந்தில் ஒரே ஒரு தவறு உயிருக்கே ஆபத்தாக முடியும். அது வாரம் ஒருநாள் மாத்திரையைத் தினமும் விழுங்குவது. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணுக்கள் சரிந்து, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரும். இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மெதோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள். கடையில் கிடைக்கும் பிராண்டு பெயர்களும் ஒன்றுபோல ஒலிக்கும்: ஃபோலிட்ராக்ஸ் என்பது மெதோட்ரெக்ஸேட், ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்று மாறிவிடும். இன்னொரு வழியும் உண்டு. மெதோட்ரெக்ஸேட் 2.5, 5, 7.5, 10, 15 மில்லி கிராம் என்று பல அளவுகளில் வருகிறது. போன மாதம் 7.5 இரண்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு இந்த மாதம் கடைக்காரர் 15 கொடுத்தால், பழக்கத்தில் இரண்டையும் விழுங்கி 30 ஆகிவிடும்.

அதனால் மருந்து வாங்கி வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது: அட்டையின் பின்புறம் மருந்தின் மூலப் பெயரையும் மில்லி கிராமையும் படித்து, சீட்டோடு ஒத்துப் பாருங்கள். மெதோட்ரெக்ஸேட் அட்டையில் கெட்டி மையில் "சனி மட்டும்" என்பதுபோல அவர் சாப்பிடும் நாளை எழுதி, மற்ற மருந்துகளோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வையுங்கள். குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. வாரத்தில் எந்த நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் குமட்டலும் அசதியும் இருப்பவர்கள் சனி இரவு, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் ஞாயிறு ஓய்வோடு கழிந்துவிடும். ஃபோலிக் ஆசிட் அந்த நாளில் வேண்டாம். சீட்டில் சொன்ன மற்ற நாட்களில் தவறாமல் கொடுக்க வேண்டும். அதை "சத்து மாத்திரைதானே" என்று விட்டுவிட்டால் வாய்ப்புண்ணும் குமட்டலும் கூடும். கடைசியில் பழி மெதோட்ரெக்ஸேட்டின் மேல் விழும். சனிக்கிழமை மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் ஆனால் அந்த வாரம் போகட்டும். அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடவே கூடாது. குமட்டல் தாங்க முடியவில்லை என்றால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை அதே நாளில் இரண்டு வேளையாகப் பிரிக்கலாம், தோலுக்கடியில் போடும் ஊசியாகவும் மாற்றலாம்.

ரத்தப் பரிசோதனைதான் இந்த மருந்தின் பாதுகாப்பு. முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு நிலைமைக்கு ஏற்ப எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். நோயின் வேகம் பார்க்க இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு இந்த எண்களை வரிசையாக எழுதிவையுங்கள். ஒருமுறை 38 என்று வந்த எஸ்.ஜி.பி.டி. அடுத்து 52, அடுத்து 81 என்று ஏறுவது தனித்தனி ரிப்போர்ட்டில் யார் கண்ணிலும் படாது, நோட்டில் பட்டென்று தெரியும். நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனையை மறுபடி மறுபடி எடுத்துக் காசை வீணாக்க வேண்டாம். நோய் அடங்கியதா என்பதை அது காட்டாது. ஏ.எஸ்.ஓ. என்று ஒரு பரிசோதனையை "சரவாங்கி டெஸ்ட்" என்று எழுதும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது தொண்டைக் கிருமித் தொற்றைக் காட்டுவது. இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிட்னி கெட்டுவிடும் என்ற பேச்சும் வீட்டில் எழும், எழாமல் இருக்காது. கிட்னியை உண்மையில் கெடுப்பது, வலி வந்தபோதெல்லாம் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகள். அவை வலியை மறைக்கும், எலும்பு அரிப்பதை நிறுத்தாது. மருத்துவர் எழுதிய நாளுக்கும் அளவுக்கும் மேல் ஒன்றுகூட வேண்டாம்.

பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. மெதோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கும் வரை போட்டிருக்கும் தற்காலிகப் பாலம் அது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள், பொதுவாக மூன்று மாதத்துக்குள். தவறு நடப்பது இந்த இடத்தில்தான். குறைக்கும்போது இரண்டு நாள் வலி கூடும். "இந்தச் சின்ன மாத்திரையிலதான் வலி போச்சு" என்று பழைய சீட்டைக் காட்டி அதை மட்டும் வாங்கி வருடக்கணக்கில் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு பொலபொலவென்று ஆகிவிடும். அதேபோல் திடீரென்று ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. ஏற்றுவதும் இறக்குவதும் மருத்துவர் சொல்படி மட்டும்.

உங்கள் அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். மகன் குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் பேசுகிறார். "மூணு மாசம் பாக்கலாம்மா, ஒவ்வொரு தடவையும் ரத்தம் பாத்துத்தான் குடுக்கறாங்க, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். முடியுமானால் ஒருமுறை அவரையும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அப்புறமும் நாட்டு மருந்து வேண்டும் என்று மனைவியே விரும்பினால், அது என்னென்ன சேர்ந்தது என்று எழுதி வாங்கி மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். மெதோட்ரெக்ஸேட்டை அதற்காக நிறுத்தக் கூடாது. பெயரும் சேர்மானமும் எழுதாத பொடியும் உருண்டையும் வேண்டவே வேண்டாம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். உலோகம் சேர்ந்தவை கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், அங்கே ஏற்கெனவே மெதோட்ரெக்ஸேட் இருக்கிறது. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதையும், இழுத்துக் கட்டுப் போடுவதையும் கண்டிப்பாகத் தடுங்கள்.

இரண்டாவது குழந்தை பற்றிய கேள்விக்கு நேரடியான பதில்: முடியும், ஆனால் இப்போது கூடாது. மெதோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், பிறவிக் குறையை உண்டாக்கும். அது உடலில் இருக்கும் வரை நம்பகமான கருத்தடை அவசியம். காப்பர் டி இந்த நோயாளிகளுக்குப் பொருந்தும். எது தோது என்று மகப்பேறு மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனால் அந்த வார மாத்திரையைப் போடாமல் உடனே பரிசோதித்து மருத்துவரை அழையுங்கள். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்யும் நாளில், நோய் அடங்கியிருந்தால், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே மெதோட்ரெக்ஸேட்டை நிறுத்தி, கர்ப்ப காலத்துக்கு ஏற்ற மருந்துகளுக்கு மாற்றுவார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் அப்படிப்பட்டவை. கர்ப்ப காலத்தில் பலருக்கு இந்த நோய் தணிவதும், பிரசவத்துக்குப் பின் மறுபடி கிளம்புவதும் வழக்கம். இந்தப் பதிலை அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். மருமகளிடம் அந்தக் கேள்வி போய்ச் சேரவே கூடாது. மகளுக்கும் வருமா என்ற பயம் இருந்தால்: பொதுவானவர்களைவிட வாய்ப்பு சற்று அதிகம், அவ்வளவுதான். இப்போது குழந்தைக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.

இனி, உங்கள் மனைவியின் அழுகை. எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டது அன்பினால்தான். ஆனால் தையல்காரரின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கினால் வருமானத்தோடு ஊருக்குள் அவருக்கு இருக்கும் பெயரும் சேர்ந்து போகிறது. வேலையை எடுக்காதீர்கள், வேலை செய்யும் விதத்தை மாற்றுங்கள். அதையும் அவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

உங்கள் உதவி உண்மையில் எங்கே வேண்டும் என்றால் காலையில். எழுந்தது முதல் மகள் பள்ளிக்குப் போகும் வரை உள்ள ஒன்றரை மணி நேரம்தான் அவருடைய கை ஒன்றுக்கும் மடங்காத நேரம். வீட்டில் அதிக வேலை இருப்பதும் அப்போதுதான். பால் பாக்கெட் வெட்டுவது, குக்கர் மூடியைத் திருகுவது, மகளுக்குத் தலை பின்னுவது, சட்டைப் பொத்தான் போடுவது, டிபன் பாக்ஸை அழுத்தி மூடுவது என்று அத்தனையும் விரல் நுனி வேலை. இந்த ஒன்றரை மணி நேரத்தை முழுதாக நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பின்னல் பின்னக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும். அவர் எழுந்ததும் ஒரு அகலமான பேசினில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் மணிக்கட்டு வரை கையை மூழ்க வைத்து, உள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்கள். முதலில் விரல் நுனியை மட்டும் கொக்கி போல மடக்கி நீட்டுவது, பிறகு முழு முஷ்டி, பிறகு கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவது. வலிக்கிற எல்லைக்கு முன்பே நின்றுவிட வேண்டும். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து அழுத்தச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. விரலடி மூட்டு வீங்கியிருக்கும்போது அது கூடாது. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் மூட்டைச் சுண்டு விரல் பக்கமாகத் தள்ளிவிடும்.

பதினோரு மணிக்கு மேல் அவருடைய நேரம். தையலை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். மெஷினைவிடக் கையைக் கெடுப்பது கத்தரிக்கோலும், ஊக்குத் தைப்பதும், ஹெம்மிங்கும்தான். பெரிய இரும்புக் கத்தரியில் பட்டுத் துணி வெட்டும்போது கட்டை விரலின் அடி மூட்டு முழுப் பாரத்தையும் தாங்குகிறது. தானாக விரியும் ஸ்பிரிங் கத்தரிக்கோல், வெட்டுவதை ஒரே நாளில் குவிக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவது, ஊக்கும் ஹெம்மிங்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலிக்குக் கொடுப்பது: இந்த மூன்றும் செய்தால் பெரும்பாலான வேலை அவர் கையிலேயே இருக்கும். காலால் மிதிக்கும் மெஷின் என்றால் மோட்டார் போட்டுவிடுங்கள். தீபாவளி ஆர்டரை இந்த வருடம் பாதியாகக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் முடிவு அவருடையது.

சமையலறையில் ஒரே ஒரு விதி போதும்: விரல் செய்யும் வேலையை உள்ளங்கைக்கும், உள்ளங்கை செய்வதை முழங்கைக்கும் தள்ளுவது. கனமான சட்டியை ஒற்றைக் கையால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்த வேண்டும். திருகு குழாயை மாற்றி, முழங்கையால் தள்ளும் நீளக் கைப்பிடிக் குழாய் போடுங்கள். பிளம்பருக்கு அரை மணி நேர வேலை. துணியை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டுக்கு மிக மோசம். குழாயில் சுற்றித் தொங்கவிட்டு நீர் வடியவிடலாம், அல்லது அந்த ஒரு வேலையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். குடத்தை இடுப்பில் வைப்பது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, அரிவாள்மணையில் குந்தி உட்கார்ந்து தேங்காய் துருவுவது மூன்றையும் நிறுத்திவிடுங்கள். பாட்டில் மூடிக்கு ஒரு துண்டு ரப்பர் ஷீட் போதும்.

கால்களையும் பாருங்கள், கையைப் பற்றியே பேசிப் பாதத்தை மறந்துவிடுகிறோம். விரலடி மூட்டுகள் பாதத்திலும் வீங்கும்; கூழாங்கல் மேல் நடப்பது போலிருக்கிறது என்பார்கள். மெட்டி சரியாக அந்த வீங்கும் விரலில்தான் இருக்கிறது. வீக்கத்தில் அது இறுகி, தோலில் பதிந்து, கழற்ற முடியாமல் வெட்டி எடுக்கும் நிலை வரும். கழற்றுவது அபசகுனம் என்று அவரே தயங்குவார், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கணவர் நீங்களே உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கழற்றி, சாமி படத்தருகே வையுங்கள். ஆசாரியிடம் கொடுத்து வாய் அகட்டியும் வாங்கலாம். மோதிரமும் இறுகிய வளையலும் இதேபோல. வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, வெறுங்காலில் டைல்ஸ் தரையில் நடக்க வேண்டாம். கழிவறை இந்திய முறையில் இருந்தால் மேலே வைக்கும் ஸ்டூல் அல்லது மேல்நாட்டு முறைக்கு மாற்றுவது, சுவரில் ஒரு கைப்பிடி.

உணவில் பத்தியம் ஒன்றும் தேவையில்லை. தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, புளி என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் ரசமும் சோறுமாக மெலிந்துபோகிறவர்கள் உண்டு. ஏதாவது ஒன்று தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்கே திரும்பத் திரும்பத் தோன்றினால் அதை மட்டும் விடலாம். மத்தி, அயிலை மீன் வாரம் இரண்டு நாள், முட்டை, பருப்பு, கீரை, பால், ராகி நல்லது. ஸ்டீராய்டு எடுக்கும்போது எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மது வேண்டாம். வீட்டுக்குள் யாரும் புகைக்க வேண்டாம்.

இந்த நோயின் சோர்வு, வேலை செய்து களைத்த சோர்வு அல்ல. காய்ச்சல் வந்து விட்ட மறுநாள் உடம்பு எப்படி இருக்குமோ அப்படி, தினமும். அதோடு வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. எரிந்து விழுவதில் பாதி அதுதான். "இன்னும் வலிக்குதா?" என்று பத்து முறை கேட்பதற்குப் பதில், காலையில் ஒரே கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: "இன்னைக்குக் கை எத்தனை?" பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணை அவர் சொல்லட்டும். மூன்று என்றால் வழக்கம்போல. ஏழு என்றால் அன்றைக்குச் சமையல் உங்களுடையது, விவாதம் இல்லை. அந்த எண்ணை நோட்டில், பிடிப்பு நீடித்த நிமிடங்களோடு எழுதுங்கள். தாம்பத்தியமும் இப்படித்தான்: இரவு சோர்ந்த நேரத்தைவிட, மதியமோ வெந்நீர் குளியலுக்குப் பிறகோ தோது. வலிக்கிற மூட்டில் பாரம் விழாமல் தலையணை வைத்துக்கொள்ளலாம். இந்த நோயில் சிலருக்குக் கண்ணும் வாயும் போலப் பிறப்புறுப்பும் வறண்டுபோகும். அதை விருப்பமின்மை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துக்கடையில் நீர் சார்ந்த ஜெல் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை இருக்கிறது.

சில நேரங்களில் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், காரணமில்லாமல் தோலில் ரத்தக் கட்டு, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாவது: இவற்றில் எது வந்தாலும் அந்த வார மெதோட்ரெக்ஸேட்டை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாந்தி பேதியாகி உடலில் நீர் வற்றினாலும் அப்படியே. மருந்து சிறுநீரில் வெளியேறாமல் உள்ளே தங்கிவிடும். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று நெருப்பாகச் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அதைச் சரவாங்கி கிளம்புவது என்று விட்டுவிடாதீர்கள், மூட்டுக்குள் கிருமி நுழைந்திருக்கலாம். அவசர சிகிச்சை வேண்டும். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு மருத்துவரிடம் போனால் மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்களை அடியோடு சரித்துவிடும். வீட்டிலோ பக்கத்திலோ அம்மை போட்டிருந்தால், வேப்பிலை கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல் அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடலாம், எப்போது என்று கேளுங்கள். உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகள் கேட்காமல் கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காகக் கண் மருத்துவரிடம் முதல் வருடத்துக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, ஐந்து வருடம் கழித்து ஆண்டுதோறும்.

இந்த நோய்க்கு எலும்பு முறிவு மருத்துவர் அல்ல, மூட்டுவாத நோய் நிபுணரான ருமட்டாலஜிஸ்ட்தான் பார்க்க வேண்டும். இதுவரை பார்க்கவில்லை என்றால் ஒருமுறையாவது பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வேலூர் சி.எம்.சி.யிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்குத் தனித் துறைகள் இருக்கின்றன. மாத்திரைச் செலவுக்கு மக்கள் மருந்தகங்களில் மூலப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பன்னிரண்டாவது வாரப் பரிசோதனைக்கு நீங்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி இது: "நோய் எந்த அளவுக்கு அடங்கியிருக்கிறது, எத்தனை மூட்டில் இன்னும் வீக்கம் இருக்கிறது?" வலி குறைந்தால் போதும் என்று அங்கே நின்றுவிடக் கூடாது; வீக்கம் அனேகமாக இல்லாத நிலைதான் இலக்கு. மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லை என்றால் மெதோட்ரெக்ஸேட் அளவைக் கூட்டுவது, ஊசியாக மாற்றுவது, சல்ஃபாசலசினோ லெஃப்லுனமைடோ சேர்ப்பது என்று அடுத்த படிகள் உண்டு. அவையும் போதாதபோது, எதிர்ப்பு சக்தியின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் குறிவைத்து அடக்கும் பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். உள்ளே பேச வேண்டியவர் உங்கள் மனைவி. நீங்கள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் மறந்ததை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.